மாற்றிய வண்டியும் மாறாத சட்டமும்

வண்டிக்கும் வரலாறு உண்டு. மன்னர் ஏறிய தேரின் வரலாற்றைக் காவியங்கள் நமக்குச் சொல்லியிருக்கின்றன; உழவன் ஏறிய வண்டிலின் வரலாற்றைச் சொல்ல முன்வந்தோர் மிகச் சிலரே. ஆயினும், ஓர் ஆட்சி தன் எளிய மக்களை எவ்வாறு நடத்தியது என்பதை அறிய விரும்புவோர் அரண்மனை வாயிலுக்குச் செல்ல வேண்டியதில்லை. சந்தைக்குப் போகும் வழியில் நின்று, அங்கே ஓடும் வண்டிகளின் ஒட்டுகளையும் கட்டுகளையும் கூர்ந்து நோக்கினாலே போதும்.

2025 ஜனவரியில், 'கிளீன் ஸ்ரீலங்கா' என்னும் அரச வேலைத்திட்டத்தின் பேரில், பஸ்களிலும் முச்சக்கர வண்டிகளிலும் அனுமதியின்றிப் பொருத்தப்பட்ட உறுப்புகளை அகற்றும் நடவடிக்கையைப் பொலிசார் தொடங்கினர். தனியார் பஸ் சங்கங்களும் முச்சக்கர வண்டிச் சாரதிகளும் எதிர்ப்புத் தெரிவித்தனர். அதன்பின் அவகாசமும் வழங்கப்பட்டது. கொழும்புப் பத்திரிகைகள் இதனை ஒழுங்குக்கும் ஒழுங்கீனத்துக்கும் இடையிலான பிணக்காகவே கண்டன. வன்னியில் உள்ள நம் வகுப்பறையில் இச்செய்தி வேறொரு வடிவில் வந்து சேர்ந்தது. பின்வரிசை மாணவன் ஒருவன் எழுந்து, “சேர், எங்கட அப்பாவின்ர லான்ட்மாஸ்ரரையும் பிடிப்பினமோ?” என்று கேட்டான். வகுப்பு சிரித்தது; அவன் சிரிக்கவில்லை. அவ்வியந்திரத்தின் பெட்டி ஒரு வண்டியிலிருந்து வந்தது; சில்லுகள் இன்னொன்றிலிருந்து வந்தவை; இயந்திரம் மூன்றாவது ஒன்றினுடையது. அம்மூன்றும் சேர்ந்தே அக்குடும்பத்துக்குச் சோறு போடுகின்றன.

அம்மாணவனின் கேள்விக்கு ஆம், இல்லை என்று ஒரு சொல்லில் விடை கூறிவிட முடியாது. அதற்கு வரலாற்றின் ஊடாகவே விடை தேட வேண்டும். அத்தேடலின் பயனே இக்கட்டுரை.

*

இலங்கையில் மோட்டார் வாகனங்களை ஆளும் அடிப்படைச் சட்டம் 1951 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்க மோட்டார் போக்குவரத்துச் சட்டமாகும். பல திருத்தங்களுடன் அது இன்றும் நின்று நிலவுகிறது. அச்சட்டத்தின் நோக்கில் ஒரு வண்டி என்பது யாது? அது ஓர் அடிச்சட்ட இலக்கம். ஓர் இயந்திர இலக்கம். அவ்விரண்டையும் ஒரு பெயருடன் பிணைக்கும் ஒரு பதிவுப் புத்தகம். இம்மூன்றும் ஒன்றுக்கொன்று ஒத்திருக்க வேண்டும். ஒன்றை மாற்றினால் ஆணையாளருக்கு அறிவித்து அனுமதி பெறல் வேண்டும். களவைத் தடுக்கவும் விபத்தைக் குறைக்கவும் இத்தகைய விதி தேவை என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால், இவ்விதி தன்னுள் ஓர் எடுகோளைக் கொண்டிருக்கிறது. வண்டியின் உரிமையாளர் விரும்பிய நாளில் கடைக்குச் சென்று உரிய உறுப்பை வாங்க முடியும். விரும்பிய நாளில் அலுவலகத்துக்குச் சென்று விண்ணப்பம் கொடுக்க முடியும் என்பதே அவ்வெடுகோள். அந்த எடுகோள் பொய்த்துப்போன நிலத்தில் அவ்விதி என்னவாகும்? வன்னியின் அண்மைக்கால வரலாறு இக்கேள்விக்கான விடையேயாகும்.

தடையும் மாற்றமும் இரட்டைப் பிள்ளைகள். இவ்வுண்மை போருக்கு முன்னரே வடபுலத்தில் வெளிப்பட்டிருந்தது. லொறியின் அடிச்சட்டத்தின்மீது மரத்தால் உடல் அமைத்து, பின்புறம் சங்கிலியில் தொங்கும் பலகைத் தட்டியொன்றைப் பொருத்தி, மூட்டைகளையும் மனிதரையும் ஒருங்கே ஏற்றிச் சென்ற 'தட்டி வான்' யாழ்ப்பாணக் குடாநாட்டில் பலருக்கும் நினைவிருக்கும். கொடிகாமம் - பருத்தித்துறை வீதியில் நெடுங்காலம் அது ஓடியது. 1958 இல் பஸ் சேவை தேசியமயமாக்கப்பட்டது மக்களுக்கு நன்மை தந்த நடவடிக்கையே. எனினும், மரக்கறி மூட்டையையும் பாயையும் கடகத்தையும் ஏற்றும் வசதியை அரச பஸ் தரவில்லை. அவ்விடைவெளியைத் தட்டி வான் நிரப்பியது. எந்தப் பெருநிறுவனமும் அதனை வரைந்து தரவில்லை. சந்தைக்குப் போன பெண்களின் தேவையே அதனை வரைந்தது.

1960களிலும் 1970களிலும் அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டினால் வாகன இறக்குமதி கடுமையாக மட்டுப்படுத்தப்பட்டது. அதே கொள்கையின் கீழ் மிளகாய், வெங்காயம் முதலியவற்றின் இறக்குமதியும் குறைந்தமையால் வடபகுதி விவசாயி சற்றே தலைநிமிர்ந்தான். கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் காடு வெட்டிக் கழனியாக்கிய குடும்பங்கள் பல அக்காலத்திலேயே உழவு இயந்திரத்தைக் கண்டன. ஆனால் புதிய கார் வரவில்லை. அதனால் 'ஒஸ்ரின் ஏ 40', 'மொரிஸ் மைனர்' போன்ற பழைய ஆங்கிலேயக் கார்கள் வடக்கில் சாகா வரம் பெற்றவைபோல் ஓடிக்கொண்டிருந்தன. அவற்றைச் சாகவிடாது காத்தவர் கராஜ்காரர். உதிரிப்பாகம் கிடையாதபோது அதனைக் கடைந்து செய்தார். ஒன்றின் உறுப்பை மற்றொன்றிற்குப் பொருத்தினார். போர் வருமுன்னரே வடபுலத்துத் தொழிலாளியின் கை இவ்வாறு பயிற்சி பெற்றிருந்தது.

*

1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டது. விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகளுக்கு எடுத்துச் செல்லலாகாத பொருள்களின் பட்டியலொன்றை அரசாங்கம் நடைமுறைப்படுத்தியது. பெற்றோல், டீசல், பற்றறி, சீமெந்து, இரும்பு, உரம் எனப் பட்டியல் நீண்டது. நோக்கம் புலிகளின் படைவலிமையைத் தடுப்பது என்று சொல்லப்பட்டது. ஆனால் பட்டியலுக்குப் போராளி யார், பாடசாலை ஆசிரியர் யார் என்று தெரியாது. படகுக்கும் டீசல் இல்லை. பிரசவத்துக்குப் பெண்ணை ஏற்றிச் செல்லும் காருக்கும் பெற்றோல் இல்லை. கள்ளச் சந்தையில் கிடைத்த சிறிதளவும் பொன்னின் விலையை நாடியது. விளக்குக்கும் அடுப்புக்கும் என மட்டுப்படுத்தப்பட்ட அளவில் வந்த மண்ணெண்ணெய் ஒன்றே மக்களின் கைக்கு எட்டும் எரிபொருளாயிருந்தது.

மண்ணெண்ணெய் பெற்றோலைப் போன்றதன்று. குளிர்ந்த இயந்திரத்தில் அது எளிதில் ஆவியாகாது; ஆவியாகாத எண்ணெய் தீப்பொறியைக் கண்டும் பற்றாது. ஆயினும் இயந்திரம் ஒருமுறை சூடேறிவிட்டால், வளியுடன் கலந்து ஓரளவு எரியும். இவ்வறிவு வடபகுதி விவசாயிக்குப் புதிதன்று. தோட்டக் கிணற்றில் நீர் இறைத்த சிறு இயந்திரம் பெற்றோலில் தொடங்கி மண்ணெண்ணெய்யில் ஓடுவதை அவன் நாள்தோறும் கண்டிருக்கிறான். தோட்டத்தில் கற்ற பாடத்தையே அவன் வீதிக்குக் கொண்டுவந்தான் எனக் கருத இடமுண்டு. சிறு போத்தலில் பொத்திப் பாதுகாத்த பெற்றோலில் சில துளிகளைக் காபரேற்றரில் விடுவர், உதைத்து இயக்குவர், இயந்திரம் சூடேறியதும் மண்ணெண்ணெய்யைத் திறந்து விடுவர். 'எம்.டி. 90' போன்ற மோட்டார் சைக்கிள்களும் பழைய ஏ 40 கார்களும் இவ்வாறே ஓடின. அமுக்க விகிதம் குறைந்த பழைய இயந்திரங்கள் தரங்குறைந்த எரிபொருளையும் ஒருவாறு ஏற்றுக்கொண்டன. ஓர் இறக்குமதித் தடை அழியாது காத்த வண்டியை மற்றொரு தடை மண்ணெண்ணெய்யில் ஓட வைத்தது என்பதில் வரலாற்றின் கசப்பான நகைப்பு ஒன்று இருக்கிறது.

1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமம் மக்கள் ஓர் இரவில் பெயர்ந்தனர். அவர்களில் பெருந்தொகையானோர் கிளாலிக் கடல்நீரேரி கடந்து வன்னிக்கு வந்தனர். 1996 இல் கிளிநொச்சி நகரம் இராணுவத்தின் வசமாயிற்று; 1998 செப்டெம்பரில் மீண்டும் புலிகளின் வசமாயிற்று. 1997 மே மாதத்தில் தொடங்கிய 'ஜயசிக்குறு' நடவடிக்கை வவுனியாவிலிருந்து வடக்கு நோக்கிய நெடுஞ்சாலையைப் போர்க்களமாக்கியது. அந்நாள்களில் நாம் சிறுவர்கள். நம் ஆசிரியர்கள் பள்ளிக்கு வந்த மோட்டார் சைக்கிள்களின் வெண்புகையும் நெடியும் இன்றும் நம் நினைவில் உள்ளன. ஆசிரியர் கண்ணுக்குத் தெரியுமுன் புகை தெரியும், வகுப்பு அடங்கிவிடும். மரநிழலில் கட்டிய கொட்டிலில் பாடம் நடந்தது. வீதியில் மாட்டு வண்டிலும், பொதி சுமந்த சைக்கிளும், லான்ட்மாஸ்ரர் என நாம் அழைத்த இருசில்லு உழவு இயந்திரமும் ஓடின. இடப்பெயர்வின்போது அந்த லான்ட்மாஸ்ரர்ப் பெட்டியில்தான் ஒரு குடும்பத்தின் கூரைத்தகடு, கதவு, அரிசி மூட்டை, ஆட்டுக்குட்டி, பாட்டி அனைத்தும் ஏறின. உழுவதற்கு வந்த இயந்திரம் ஓர் ஊரையே தூக்கிச் சென்றது.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. அக்கால மக்களின் கைத்திறனைப் புகழ்வது எளிது. புகழ்ந்துவிட்டு அமைவது தவறு. மண்ணெண்ணெய்ப் புகையைச் சுவாசித்தவன் ஏழை. முற்றாக எரியாத எண்ணெய் கீழிறங்கி இயந்திர எண்ணெயைக் கெடுத்தது. பிஸ்டன் வளையங்கள் தேய்ந்தன. வண்டியின் ஆயுள் குறைந்தது. பாதிவழியில் நின்ற வண்டியுள் நோயாளி கிடந்த கதைகள் வன்னியில் ஒன்றல்ல, இரண்டல்ல. இல்லாமையிலிருந்து பிறந்த திறனைக் கொண்டாடி, அந்த இல்லாமையை உண்டாக்கியவர்களை மறந்துவிடுவோமாயின், அது வரலாறாகாது. வெறும் விழாப் பேச்சாகும்.

மற்றோர் உண்மையையும் மறைத்தலாகாது. வன்னியில் ஒரு காலத்தில் அதிகாரம் இரண்டாயிருந்தது. கச்சேரியும் அரச உத்தியோகத்தரும் கொழும்பின் சுற்றறிக்கைப்படி இயங்கினர். புலிகளின் நிர்வாகமோ தன் பொலிசையும் நீதிமன்றத்தையும் வரியையும் கொண்டிருந்தது. 2002 பெப்ரவரியில் போர்நிறுத்த உடன்படிக்கை கைச்சாத்தாகி, ஏப்ரல் மாதத்தில் ஏ 9 நெடுஞ்சாலை யாழ்ப்பாணம் வரை திறக்கப்பட்டபோது பெற்றோல் தாராளமாக வந்தது. புதிய மோட்டார் சைக்கிள்களும் வந்தன. ஓமந்தையில் ஒரு சோதனை, அதைத் தாண்டியதும் மற்றொரு வரி. ஒரே வண்டி இரு எசமானர்க்கும் இறை இறுத்தது. 2006 ஓகஸ்டில் முகமாலையில் பாதை மூடப்பட்டது. எரிபொருள் மீண்டும் அரிதாயிற்று. மறந்திருந்த மண்ணெண்ணெய் நெடி மறுபடியும் வீதிக்கு வந்தது.

*

தடையின் விளைவாக வண்டியை மாற்றியவர்கள் வன்னி மக்கள் மட்டுமல்லர். ஏனைய நாடுகளின் அனுபவத்தோடு ஒப்புநோக்கும்போதே நம் நிலையின் தனித்தன்மை புலனாகும்.

இரண்டாம் உலகப் போரின்போது சுவீடன், ஜேர்மனி முதலிய நாடுகளில் பெற்றோல் தட்டுப்பாடு நிலவியது. விறகையும் கரியையும் எரித்துப் பெறும் வாயுவினால் ஓடும்படி கார்களும் லொறிகளும் மாற்றியமைக்கப்பட்டன. இந்தியாவிலும் அக்காலத்தில் கரிவாயு பஸ்கள் ஓடின. போரின் பின்னர், இங்கிலாந்தின் கொவென்றி நகரில் உற்பத்தியான பேர்குசன் உழவு இயந்திரத்தின் ஒரு வகை, பெற்றோலில் தொடங்கி மண்ணெண்ணெய்யை ஒத்த மலிவான எண்ணெயில் ஓடுமாறு தொழிற்சாலையிலேயே அமைக்கப்பட்டது. வன்னிக் கராஜில் நடந்ததும் கொவென்றித் தொழிற்சாலையில் நடந்ததும் தத்துவத்தில் ஒன்றே. முன்னதற்கு எண்ணெய் கறுத்த கை. பின்னதற்கு வரைபடமும் வணிகப் பெயரும். வேறுபாடு அவ்வளவே.

கியூபாவின் கதை இன்னும் நெருக்கமானது. 1959 இன் புரட்சிக்குப் பின், 1962 இல் அமெரிக்கா அந்நாட்டின்மீது முழு வணிகத் தடையை விதித்தது. 1950களின் அமெரிக்கக் கார்களுக்கு உதிரிப்பாகம் வரும் வழி அடைபட்டது. கியூபத் தொழிலாளிகள் அவற்றுள் சோவியத் இயந்திரங்களையும் டீசல் இயந்திரங்களையும் பொருத்தி ஓட்டினர். 1991 இல் சோவியத் ஒன்றியம் மறைந்த பின்னரும் அவை ஓடின. புரட்சிக்கு முந்திய கார்களையே தடையின்றி விற்கலாம், வாங்கலாம் என்ற விதி 2011 வரை அங்கு நிலவியதால் அப்பழைய வண்டிகளின் பெறுமதி மேலும் உயர்ந்தது. அங்கும் குறைகள் பல. ஆயினும், அமெரிக்கக் கூட்டினுள் சோவியத் இயந்திரம் இருப்பதைக் கண்டு 'இது என்ன ஒழுங்கீனம்' என்று கேட்கும் மடமை அங்கே ஆட்சியாளர்க்கு ஏற்படவில்லை. அது ஏன் அங்கே வந்தது என்பதை அவர்கள் அறிவார்கள். தடையை விதித்தவன் அயலான்.

வன்னியின் தனித்தன்மை இங்கேதான் தோன்றுகிறது. இங்கே தடையை விதித்த அரசும், பின்னர் அத்தடையின் விளைவைக் குற்றமாகக் கண்ட அரசும் ஒன்றே. சுவீடனில் அரசு மாற்றத்தைத் தானே ஊக்குவித்து, அதற்கு விதி வகுத்தது. கியூபாவில் அரசு மாற்றத்தோடு ஒத்து வாழ்ந்தது. நம் நாட்டிலோ ஒரு திணைக்களத்தின் கட்டளை மக்களை வண்டியை மாற்றச் செய்தது. மற்றொரு திணைக்களத்தின் சட்டம் 'ஏன் மாற்றினாய்?' என்று கேட்டது. இரு கட்டளைகளும் ஒரே இலச்சினையின் கீழ் வந்தவை.

*

2009 ஆம் ஆண்டின் முதல் ஐந்து மாதங்கள். கிளிநொச்சியிலிருந்து விசுவமடு, உடையார்கட்டு, புதுக்குடியிருப்பு, மாத்தளன், முள்ளிவாய்க்கால் எனப் பாதை குறுகிக் குறுகிக் கடலில் முடிந்தது. மக்கள் முதலில் வீட்டை விட்டனர். பின் பெட்டியில் ஏற்றிய பொருளை விட்டனர். பின் வண்டியை விட்டனர். பின் விடலாகாதோரையும் விட்டனர். போர் ஓய்ந்தபோது அக்கடற்கரை நெடுகிலும் சைக்கிள்களும் மோட்டார் சைக்கிள்களும் உழவு இயந்திரங்களும் பஸ்களும் எரிந்தும் துருவேறியும் குவிந்து கிடந்தன. உரிமையாளர்களோ செட்டிகுளத்து மெனிக் முகாமின் முட்கம்பிகளுக்குள் இருந்தனர். அம்முகாம் 2012 செப்டெம்பரிலேயே மூடப்பட்டது.

மீள்குடியேறிய உழவன் ஒருவரை நாம் அறிவோம். பெயர் வேண்டாம். தன் வண்டி இன்னதென்று அவர் காட்டியபோது, பதிவுப் புத்தகம் எங்கே என்று கேட்கப்பட்டது. “பிள்ளையைத் தூக்கினனான் மாஸ்ரர், புத்தகத்தைத் தூக்கேல்லை” என்று பின்னாளில் அவர் நம்மிடம் கூறினார். இலக்கம் நினைவிருந்தது, ஆனால் இயந்திரத்தில் பொறித்த இலக்கமும் அவர் சொன்ன இலக்கமும் ஒவ்வவில்லை. எவ்வாறு ஒவ்வும்? முதல் இயந்திரம் மண்ணெண்ணெய் குடித்துக் குடித்துத் தேய்ந்துபோயிற்று. இரண்டாவதை மற்றொரு வண்டியிலிருந்து எடுத்துப் பொருத்தினார். அந்நாளில் அதனை அறிவிப்பதாயின் கொழும்புக்குச் செல்லவேண்டும். கொழும்புக்குச் செல்வதாயின் வவுனியாவில் 'பாஸ்' பெறவேண்டும். பாஸ் பெற்றாலும் பிணைநிற்க ஆள் வேண்டும். ஓர் இயந்திர இலக்கத்தைத் திருத்துவதற்காக இத்தனை தடைகளையும் கடந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது சட்டம். அதனைச் செய்திருக்க மாட்டார் என்று உணர்வது மனிதம்.

போருக்குப் பிந்திய ஆண்டுகளில் சட்டம் முழு உருவோடும் வன்னிக்கு வந்தது. வருமான அனுமதிப்பத்திரம் பெறப் பிரதேச செயலகத்துக்குச் செல்லவேண்டும். அதற்கு முன் காப்புறுதி வேண்டும். புகைப் பரிசோதனைச் சான்றும் வேண்டும். இப்புகைப் பரிசோதனை 2008 ஆம் ஆண்டளவில் மேல் மாகாணத்தில் தொடங்கிப் பின்னர் பிற மாகாணங்களுக்கும் விரிந்தது. அதனைத் தனியார் நிறுவனங்களே நடத்துகின்றன. காற்றைத் தூய்மையாக வைத்தல் நல்லதே. பல்லாண்டுகள் மண்ணெண்ணெய்ப் புகையைச் சுவாசித்த நம்மைவிட அதனை அறிந்தவர் யார்? ஆனால் புகையைக் கக்கும் பழைய இயந்திரத்தை வைத்திருப்பவன் அதனை விரும்பி வைத்திருக்கவில்லை. புதியது வாங்க வகையில்லாமையால் வைத்திருக்கிறான். சோதனைக் கட்டணமும் தண்டப்பணமும் பணம் படைத்தவனுக்குச் சில்லறை. அவனுக்கோ ஒரு வாரத்துக் கூலி.

2020 மார்ச்சில் அந்நியச் செலாவணி நெருக்கடியால் வாகன இறக்குமதி மீண்டும் நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கான தடை 2025 பெப்ரவரியில்தான் நீங்கியது. நீங்கிய பின்னும் தீர்வை மலைபோல் நின்றது. இவ்வைந்தாண்டுகளில் பழைய வண்டியின் விலை பன்மடங்காயிற்று. இருப்பதைத் திருத்தி, ஒட்டி, மாற்றி ஓட்டுவதே ஒரே வழியாயிற்று. 1960களின் கதை மறுபடியும் அரங்கேறியது. 2022 இல் நாடே எரிபொருளுக்கு வரிசையில் நின்றது. அவ்வாண்டு ஜூலையில் 'கியூ.ஆர்.' முறை வந்தது. அடிச்சட்ட இலக்கம் கொடுத்துப் பதிந்தோர்க்கே பெற்றோலும் டீசலும். ஆவணம் ஒழுங்கில்லாத வண்டிக்குப் பங்கீடும் இல்லை. ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் ஒன்றின் விலை 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஒரே நாளில் உயர்ந்தது. அந்நாள்களில் கொழும்பு நண்பர் ஒருவர் நம்மிடம், “இப்படி ஒரு நிலைமையில் மக்கள் எப்படி வாழ்வது?” என்று வியந்து கேட்டார். அவர் கேள்வியில் குற்றமில்லை. ஆனால் அதே கேள்வி வன்னியில் பல்லாண்டுகள் கேட்கப்பட்டுக் கொண்டிருந்தது; தெற்கே அது கேட்கவில்லை. சிங்கள உழவனும் தமிழ் உழவனும் ஒரே வரிசையில் நின்ற அவ்வாண்டு, இரு சாராரும் கற்றுக்கொள்ளத்தக்க பாடமொன்றைத் தந்தது.

*

இப்போது மாணவனின் கேள்விக்குத் திரும்புவோம். மாற்றம் செய்த வண்டிகள் அனைத்தையும் விட்டுவிட வேண்டும் என்பதா நம் வாதம்? அன்று. இந்நாட்டு வீதிகளில் ஆண்டுதோறும் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாள்கின்றனர். 2025 மே மாதத்தில் கொத்மலையில் பஸ் ஒன்று பள்ளத்தில் வீழ்ந்து இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்ததை நாம் மறக்கவில்லை. விளக்கில்லாத பெட்டியுடன் இரவில் பிரதான வீதியில் ஊரும் உழவு இயந்திரம் ஒரு கொலைக்கருவியாகலாம். எதிரே வருவோனின் கண்ணைப் பறிக்கும் விளக்கும் காதைப் பிளக்கும் சைலன்சரும் எந்த வறுமையிலிருந்தும் பிறந்தவையல்ல. அவற்றுக்காக வாதாட நாம் ஆயத்தமில்லை.

ஆனால் மூன்று வகை மாற்றங்களை வேறுபடுத்தி அறிதல் வேண்டும். ஒன்று, பகட்டுக்காகச் செய்வது. இரண்டு, பிறருக்குத் தீங்கு தருவது. மூன்று, பிழைப்புக்காகவும் உடல் நலிவுக்காகவும் செய்வது. போரில் கால் இழந்தோர் வன்னியில் எத்தனை பேர்! அவர்களுள் சிலர், சிறிய மோட்டார் சைக்கிளின் இருபுறமும் துணைச் சில்லுகள் பொருத்திக்கொண்டு கடைக்கும் வயலுக்கும் செல்வதைக் காண்கிறோம். புத்தகத்தின்படி அது மாற்றப்பட்ட வாகனம். மனிதன்படி அது அவன் கால். இதனையும் பகட்டு விளக்கையும் ஒரே படிவத்தில், ஒரே தண்டத்தில் அடக்கும் ஒழுங்கு, ஒழுங்கின் பெயரால் நடக்கும் அநீதியேயாகும்.

இருசில்லு உழவு இயந்திரத்துக்கெனச் சாரதி அனுமதியில் தனி வகுப்பொன்று சட்டத்தில் இருக்கிறது. இதிலிருந்து ஒன்று தெளிவாகின்றது: உழவனின் தேவையை ஏற்று வளையும் ஆற்றல் சட்டத்துக்கு உண்டு. வளைய வேண்டும் என்ற விருப்பமே வேண்டும். கிளிநொச்சிக்கும் முல்லைத்தீவுக்கும் நடமாடும் பரிசோதனைக் குழுக்கள் வரலாம். இயந்திரமும் அடிச்சட்டமும் ஒவ்வாத வண்டிகளை, சத்தியக் கூற்றின் பேரில், கிராமசேவையாளரின் உறுதிப்படுத்தலுடன், உழவனால் தாங்கக்கூடிய கட்டணத்தில் ஒழுங்குபடுத்தலாம். தண்டிக்குமுன் திருத்தத் தவணை கொடுக்கலாம். படிவமும் தண்டப் பத்திரமும் அவன் படிக்கும் மொழியில் இருக்கலாம். 1987 முதல் தமிழும் இந்நாட்டின் அரசகரும மொழி. அது சட்டப் புத்தகத்தில் மட்டும் இருந்தால் போதாது. இவை புரட்சிகரமான கோரிக்கைகளல்ல. ஓர் அரசு தன் கடந்தகாலக் கட்டளைகளின் விளைவுக்குத் தானே பொறுப்பேற்க வேண்டும் என்னும் எளிய நேர்மையே.

சட்டம் வண்டியின் மாற்றத்தைக் காண்கிறது. மாற்றத்தின் காரணத்தைக் காண்பதில்லை. காரணத்தைக் காண்பது வரலாற்றின் தொழில். ஆகவேதான், இவ்விடயத்தில் பொலிஸ் உத்தியோகத்தர் கையில் உள்ள அளவுகோலோடு வரலாற்றாசிரியனின் குறிப்பேடும் சேரவேண்டும் என்கிறோம். ஆசிரியர்களாகிய நமக்கும் இதில் ஒரு கடமை உண்டு. மன்னர்களின் ஆண்டுகளை மனனம் செய்விக்கும் நாம், நம் மாணவர் வீட்டு முற்றத்தில் நிற்கும் வண்டியின் வரலாற்றை எழுதி வரும்படி ஒருமுறையேனும் கேட்டோமா?

அன்று நாம் அந்த மாணவனிடம் இதையே கேட்டோம். இரு வாரத்தின் பின் அவன் கொப்பியுடன் வந்தான். பெட்டி எங்கே வாங்கியது, சில்லு எவர் தந்தது, இயந்திரம் எந்த ஆண்டு மாற்றியது, எந்தக் கடற்கரையில் விட்டுச் சென்றது, எந்த ஆண்டு மீண்டது என்றெல்லாம் தகப்பனிடம் கேட்டு எழுதியிருந்தான். நான்கு பக்கம். அக்கடைசிப் பக்கத்தின் அடியில், சிவப்பு மையால் நாம் இடவேண்டிய புள்ளிக்கென விட்டிருந்த இடத்துக்கு மேலே, தகப்பனார் தம் கையெழுத்தை இட்டிருந்தார். வீட்டுவேலைக் கொப்பியில் பெற்றோர் கையெழுத்து வேண்டியதில்லை. எந்த அலுவலகமும் இதுவரை அவரிடம் கேளாத வாக்குமூலத்தை ஒரு பள்ளிக் கொப்பி கேட்டிருக்கிறது என்பதை அவர் உணர்ந்திருந்தார் போலும்.

அக்கொப்பி நம் மேசையில் இருக்கிறது. அதனைச் சான்றாக ஏற்கும் அலுவலகம் ஒன்று இந்நாட்டில் உண்டாக வேண்டும்.